பிளக்கை மாற்றுமுன் எந்தச் சிலிண்டர் என்று கேளுங்கள்

கடந்த மாதம் களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் தமது பழைய கொரோலாவை என் கராஜுக்குக் கொண்டுவந்தார். நிறுத்தி வைத்திருக்கும்போதே கார் முழுவதும் நடுங்கியது. சைலன்சர் வாயருகே கையைப் பிடித்தால் புகை சீராக வராமல் விட்டு விட்டுத் தள்ளியது. நான் பொன்னெட்டைத் திறந்ததும், "தம்பி, பிளக் நாலும் போன மாதம் போட்டதுதான், அதுல கை வைக்காத, பெற்றோல்தான் சரியில்ல" என்றார். சிலிண்டருக்குள் பெற்றோலைப் பற்றவைக்கும் பிளக்குகளில், எட்டு மாதத்தில் அது நான்காவது செட். ஒவ்வொரு தடவையும் மாற்றியவுடன் இரண்டு மூன்று வாரம் கார் நன்றாக ஓடியதாம். என்ஜினை நிறுத்திவிட்டு மூன்றாவது சிலிண்டரின் பிளக் வயரை இழுத்தேன். அதன் நுனி ரப்பர் ஒயில் சொட்டச் சொட்ட, ஊதிப் பருத்து, விரலால் அழுத்தினால் குழையும் நிலையில் வெளியே வந்தது. ரோச் லைட்டை அடித்துப் பார்த்தால் பிளக்கின் தலையே தெரியவில்லை. குழிக்குள் கறுப்பு ஒயில் மினுங்கிக்கொண்டு நின்றது. என்ஜினின் மேல்மூடியான டெப்பட் கவரின் பெக்கிங்கோடு சேர்ந்த ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்திருந்ததால் மேலேயுள்ள ஒயில் அங்கே இறங்கியிருந்தது. முன்பு பிளக்கைக் கழற்றியவர்களும் இந்த ஒயிலைக் கண்டிருக்கத்தான் வேண்டும். துடைத்துவிட்டுப் புதுப் பிளக்கைப் பூட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கார்கள் என்னிடம் வருவது இது முதல் தடவையல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்ட பின்னர், விற்றுவிடலாம் என்று நினைத்திருந்த பழைய கார்களையும் நம்மவர்கள் வைத்துப் பராமரிக்கத் தொடங்கினார்கள். அது நல்லதுதான். ஆனால் பராமரிப்பு என்பது மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் என்ஜின் தடுமாறுவது) வந்தவுடன் உதிரிப்பாகக் கடைக்கு ஓடுவதாக மாறியிருப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

புதுப் பிளக் போட்டதும் கார் நன்றாக ஓடுவதால் பழுது பிளக்கில்தான் இருந்தது என்று எல்லோரும் முடிவுகட்டி விடுகிறார்கள். தயவுசெய்து இதைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய்வதற்கு ஆயிரக்கணக்கான வோல்ற்று தேவை. புதிய பிளக்கின் முனை கூராகவும், இடைவெளி சரியான அளவிலும், பீங்கான் சுத்தமாகவும் இருப்பதால் அதற்குக் குறைந்த வோல்ற்று போதும். ஆகவே நைந்துபோன வயரும், மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் வெடிப்பு விட்ட மூடியான கப்பும், வோல்ற்றை உயர்த்தித் தரும் சோர்ந்துபோன கொயிலும்கூடச் சில வாரங்களுக்கு எப்படியோ சமாளித்துவிடும். ஓட ஓட முனை மழுங்கி, பீங்கானில் கரி படிந்து, தேவைப்படும் வோல்ற்று ஏறியதும் பழைய நோய் திரும்பி வருகிறது. பிளக் புதிதாக இருந்ததால் பழுது மறைந்து நின்றதே தவிரத் தீரவில்லை. அதிபரின் காரில் ஒவ்வொரு தடவையும் ரப்பரைத் துடைத்ததுகூட அந்த இரண்டு மூன்று வார நிம்மதிக்குக் காரணமாக இருந்திருக்கலாம்.

பெற்றோலைக் குறை சொல்வதும் இதே வகைதான். ஒரே தாங்கியிலிருந்துதான் எல்லாச் சிலிண்டருக்கும் பெற்றோல் போகிறது. மூன்று சிலிண்டர் ஒழுங்காக எரிய, ஒன்று மட்டும் எப்போதும் செத்துக் கிடக்குமானால் தாங்கியிலுள்ள பெற்றோலைத் திட்டிப் பயனில்லை. ஒக்டேன் 92க்குப் பதிலாக 95 அடித்தால் மிஸ்ஸிங் போய்விடும் என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். ஒக்டேன் எண் காட்டுவது பெற்றோல் நொக்கிங்கை (நேரந்தவறித் தானாக வெடித்துத் தட்டுவதை) எவ்வளவு தாங்கும் என்பதைத்தான். அறுந்த வயரை அது ஒட்டாது.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய கார்களில், என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு வயராக, நல்ல காப்புள்ள குறட்டால் சில வினாடிகள் மட்டும் விலக்கிப் பார்ப்போம். நல்ல சிலிண்டரின் வயரை விலக்கினால் என்ஜின் உடனே தடுமாறும். எதில் எந்த மாற்றமும் இல்லையோ அதுதான் நோயாளி. விலக்கிய வயரை அந்தரத்தில் விடாமல் என்ஜின் உலோகத்தோடு தொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாய இடமில்லாத மின்சாரம் கொயிலின் காப்பையே துளைத்துவிடும். பிளக்கின் மேலேயே தனித்தனிக் கொயில் உள்ள கார்களில் இதைச் செய்யவே கூடாது. அங்கே பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பதே முறை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையின் பக்கமே போக வேண்டாம்.

சிலிண்டர் தெரிந்த பிறகு அதன் பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டுங்கள். பழுதும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் குற்றவாளி, அப்போது வாங்குங்கள். மாறாவிட்டால் வயர்களை அதேபோல் மாற்றிப் பாருங்கள். ஆனால் கப்பில் ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தைக் குழப்பிவிடாதீர்கள். நம்மிடையே ஓடும் பெரும்பாலான நான்கு சிலிண்டர் கார்களின் எரியூட்டும் வரிசை 1-3-4-2. இரண்டு வயர் இடம் மாறினால் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டர் வழியாகவே வெடிக்கும். மீற்றர் கையிலிருந்தால் வயரின் தடையையும் அளக்கலாம். டொயோட்டா கார்களில் ஒரு வயர் 25 கிலோ ஓமைத் தாண்டினால் அதை எறிந்துவிட வேண்டியதுதான்.

இவ்வளவும் சரியாக இருந்தும் அதே சிலிண்டர் செத்துக் கிடந்தால் கம்பிரசன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்காமல் இன்னொரு சாமான் வாங்கக் கூடாது. எல்லாப் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் பெற்றோலையும் நிறுத்தி, பிளக் குழியில் அழுத்தமானியைப் பொருத்தி, அக்சிலரேட்டரை முழுவதும் அமர்த்திக்கொண்டு செல்ஃப் அடித்தால், நல்ல நிலையிலுள்ள என்ஜினில் ஏறக்குறைய 12 பார் காட்டும். எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசமே முக்கியம். 1 பாருக்கு மேல் இடைவெளி இருந்தால் கவலைப்பட வேண்டும். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மீண்டும் பார்க்கும்போது அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேலுள்ள ஹெட்டுக்கும் இடையிலிருக்கும் ஹெட் பெக்கிங். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் ஹெட் பெக்கிங் மீதுதான் முதற் சந்தேகம். டெப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகப் புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் வால்வின் இடைவெளியை இறுக்கி வைக்கச் சொல்லும் அன்பர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை: இடைவெளி இல்லாத வால்வு முழுமையாக மூடாது, மூடாத வால்வு எரிந்து போகும். சிறிது சத்தம் இருக்கட்டும்.

மிஸ்ஸிங் எப்போது வருகிறது என்பதும் பாதி விடையைத் தரும். நிற்கும்போது நடுங்கி, வேகம் கூட்டியதும் சீராகிவிடும் கார் பெரும்பாலும் எங்கோ காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. பிரேக் பூஸ்டர் குழாயையும் என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் மெனிஃபோல்டின் பெக்கிங்கையும் பாருங்கள், கார்பரேட்டர் திருகாணியைத் திருகாதீர்கள். இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஒரு குறையுமில்லாமல் ஓடி, செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் போகும்போது பிபிலையைத் தாண்டி லுணுகலை ஏற்றத்தில் உதறத் தொடங்கும் கார்களும் உண்டு. நம் மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைத் தவிர ஏற்றம் என்று சொல்ல வேறில்லை என்பதால் இந்தப் பழுது இங்கே தெரிவதில்லை. பாரத்தோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் பொறி பாய்வதற்கு இன்னும் அதிக வோல்ற்று வேண்டும், அந்த நேரத்தில்தான் பலவீனமான கொயிலும் வயரும் கைவிடும். ஊரில் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிய கார் குடும்பத்தோடு பசறைப் பக்கம் நடு இரவில் நிற்பது இதனால்தான்.

கடற்கரையோரக் கார்களுக்கு உப்புக் காற்றும் ஒரு காரணம். கப்பைக் கழற்றினால் உள்ளே முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். பென்சில் கோடுபோல் மெல்லிய கரிக்கோடு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடியிருந்தால் அந்தக் கப் முடிந்தது. கார்த்திகை, மார்கழி மழையில் இந்தக் குறைகள் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பொன்னெட்டைத் திறந்து, ஓடும் என்ஜினின் வயர்கள் மேல் தண்ணீரை மெல்லிய தூவலாகத் தெளித்து, கையை எட்ட வைத்துக்கொண்டு பாருங்கள். காப்பு கெட்ட இடத்தில் நீலப் பொறி ஊர்ந்து போவதை உங்கள் கண்ணாலேயே காணலாம். சேர்விஸ் நிலையத்தில் அழுத்தத் தண்ணீரால் என்ஜினைக் கழுவச் சொல்லாதீர்கள். பளபளப்பு வேண்டுமென்றால் ஈரத்துணியால் துடையுங்கள், எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

மிஸ்ஸிங்கோடு ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. எரியாத பெற்றோலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும்; ஒயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெற்றோல் வாடை வரும். மீதி, புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கொன்வேட்டருக்குள் போய் அங்கே எரியும், அது செஞ்சூடாகிவிடும். அறுவடைக் காலத்தில் வயலோரத்தில் வைக்கோலின் மேல் அப்படிப்பட்ட காரை நிறுத்துவது தீயை வைத்துவிட்டு இறங்கிப் போவதற்குச் சமம். அதிபரின் காரில் பெக்கிங்கையும் வயர்களையும் மாற்றியதும் என்ஜின் சீரானது, ஆனால் கொன்வேட்டர் உள்ளே உருகி உடைந்து, தட்டினால் கல் குலுங்குவதுபோல் சத்தம் போட்டது. எட்டு மாதத்துக்கு முன் முடிந்திருக்க வேண்டிய சிறிய வேலை.

காரைக் கொண்டுவரும்போது, கழற்றிய பழைய பிளக்குகளை எறியாமல் ஒவ்வொன்றிலும் சிலிண்டர் எண்ணை எழுதிக் கொண்டுவாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரி பெற்றோல் மிகையையும், ஈரக் கறுப்பு ஒயிலையும் காட்டும். ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. அதோடு குளிரிலா சூட்டிலா, நிற்கும்போதா ஏறும்போதா, மழைக்குப் பிறகா என்பதையும் சொல்லுங்கள். எந்தச் சிலிண்டர் என்று கேட்காமலே பிளக் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் அதை நீங்களே கேளுங்கள்.