ஸ்னாப் பிடிச்சுதானே சார் போட்டேன், அப்புறம் எப்படி விலகுச்சு?

ஆட்டோகேட்ல டிராஃப்டிங் (கம்ப்யூட்டர்ல வரைபடம் போடறது) கத்துக்க வர்ற பசங்க எல்லாரும் ஒருநாள் கேக்கற கேள்வி இது. ஸ்னாப்ங்கறது கர்சரைக் கோட்டு முனை, வட்டத்து சென்டர் மாதிரி புள்ளில ஒட்ட வைக்கறது, அது நீங்க கோடு போடற அந்த நொடிக்கு மட்டும்தாங்க பொறுப்பு, அதுக்கப்புறம் யாராவது கிரிப்பை (கோட்டைத் தொட்டா தெரியற சின்னக் கட்டம்) பிடிச்சு இழுத்தா அது கண்டுக்காது. ஜியோமெட்ரிக் கன்ஸ்ட்ரெயின்ட் அப்படி இல்ல, இந்தக் கோடு அந்தக் கோட்டுக்குப் பேரலல், இந்த வட்டத்துக்கும் அதுக்கும் ஒரே சென்டர்னு ஃபைலுக்குள்ளயே எழுதி வச்சுடும், ஒண்ணை நகத்தினா இன்னொண்ணும் கூடவே வரும். ஆட்டோகேட்ல 2010 வெர்ஷன்லயே இதுக்குன்னே பாராமெட்ரிக் டேப் வந்தாச்சு, ஆனா பாண்டி மேட்டுப்பாளையம் எஸ்டேட் பக்கமெல்லாம் அதை ஒரு தடவைகூட தொறக்காம வேலை பாக்கறவங்க நிறைய.

கடலூர் சிப்காட் பக்கம் பைப்பிங் வேலை எடுக்கறவங்களுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். 4 இன்ச், 150 கிளாஸ் ஃப்ளேஞ்ச் (பைப்பையும் வால்வையும் போல்ட் போட்டு இணைக்கற வட்டத் தட்டு). வெளி விட்டம் 229 மிமீ, பிசிடி (ஓட்டைங்களோட சென்டர் எல்லாம் உக்கார்ற வட்டத்தோட விட்டம்) 190.5 மிமீ, 19 மிமீ ஓட்டை 8. இதுல சென்டர் லைன் மேல ஓட்டை விழக்கூடாது, ரெண்டு ஓட்டைக்கு நடுவுலதான் லைன் போகணும். மாத்தி வந்துச்சுன்னா வால்வு 22.5 டிகிரி சாஞ்சு உக்காரும், சைட்ல நிக்கறவன் திட்டற திட்டு டிராயிங் போட்டவனுக்குத்தான்.

வெளி வட்டம், பிசிடி வட்டம், உள் போர் (நடு ஓட்டை) மூணையும் கான்சென்ட்ரிக் (ஒரே சென்டர்) பண்ணி சென்டரை ஃபிக்ஸ் (நகராம) பண்ணிடுங்க. பாலிகன்ல 8 பக்கம் போட்டு, மூலை எட்டையும் பிசிடி வட்டத்து மேல கோயின்சிடென்ட் பண்ணுங்க, அதாவது ஒட்ட வைங்க (கமாண்ட்ல ஆப்ஜெக்ட் ஆப்ஷன் எடுத்தாதான் வட்டத்து மேல உக்காரும்), பக்கம் எட்டையும் ஈக்வல், மேல் பக்கத்தை மட்டும் ஹாரிசான்டல். அவ்வளவுதான், மூலைங்க தானாவே சென்டர் லைனுக்கு ரெண்டு பக்கமும் சரிசமமா நின்னுடும். மூலைக்கு ஒண்ணா ஓட்டை வட்டத்தை வச்சு, அதோட சென்டரை மூலையோட கோயின்சிடென்ட் பண்ணி, எட்டையும் ஈக்வல் பண்ணிட்டு, வெளி விட்டம், பிசிடி, உள் போர், ஒரே ஒரு ஓட்டை, இதுங்களுக்கு டைமென்ஷனல் கன்ஸ்ட்ரெயின்ட் (அளவைக் கட்டிப்போடறது) போட்டுடுங்க. நாளைக்கு 6 இன்ச் வேணும்னு ஃபோன் வந்தா 229ஐ 279 ஆக்கி, 190.5ஐ 241.3 ஆக்கி, ஒரு ஓட்டையை மட்டும் 22னு அடிச்சா போதும், அதுக்கும் 8 ஓட்டைதான்ங்கறதால மத்த ஏழும் தானா மாறிடும். உள் போரை மட்டும் மறக்காம மாத்திடுங்க.

செலக்ட் பண்ற வரிசை முக்கியம். ரெண்டாவதா தொடறதுதான் நகரும். சர்வே பண்ணி வந்த காம்பவுண்ட் கோட்டை ரெண்டாவதா தொட்டுட்டு சுவர் ஓடிப்போச்சேன்னு அலறக்கூடாது. அதே மாதிரி லாஸ்பேட்டைல மனை கோணலா இருந்தா உள் சுவருக்கு ஹாரிசான்டல் போடாதீங்க, அது யூசிஎஸ் (டிராயிங்ல அப்ப நடப்புல இருக்கற அச்சு அமைப்பு) எக்ஸ் அச்சுக்குத்தான் நேராக்கும், மனைக்கு இல்ல. அங்க பேரலல்தான்.

எனக்கு உண்மையிலயே பயம் கன்ஸ்ட்ரெயின்ட்டை எல்லாம் தானாவே போட்டுடற ஆட்டோகன்ஸ்ட்ரெயின் மேலதான். மொத்த டிராயிங்கையும் செலக்ட் பண்ணி ஒரே அமுக்கா அமுக்கிட்டு வேலை முடிஞ்சுதுன்னு எழுந்து போறவங்களைப் பாத்திருக்கேன். அதோட செட்டிங்ஸ்ல கோணத்துக்கு ஒரு டாலரன்ஸ் (எவ்வளவு விலகல் வரைக்கும் பிழைன்னு எடுத்துக்கலாம்ங்கற அளவு) இருக்கு. அது 1 டிகிரில இருக்குன்னு வைங்க, மொட்டை மாடிக்கு நீங்க கொடுத்த 100க்கு 1 வாட்டம் வெறும் 0.57 டிகிரிதானே, அது கை தவறி சாஞ்ச கோடுன்னு நெனச்சு மட்டமாக்கிடும். ஐப்பசி மழைல தண்ணி எங்க நிக்கும்னு சொல்லவே வேணாம். வாட்டம், டேப்பர் (போகப்போக ஒடுங்கறது) இருக்கற கோட்டையெல்லாம் ஒதுக்கிட்டு அந்த பட்டனைத் தொடுங்க.

இன்னொரு கூட்டம் எல்லாத்துக்கும் ஃபிக்ஸ் போட்டுடும். அதுக்கு லேயரையே லாக் பண்ணிட்டுப் போலாம். ஓவர் கன்ஸ்ட்ரெயின் ஆகுதுன்னு மெசேஜ் வந்தா எரிச்சல்ல எல்லாத்தையும் டெலீட் பண்ணாதீங்க, ஏற்கனவே சொன்னதையே திரும்பச் சொல்றீங்க, இல்ல அதுக்கு எதிரா சொல்றீங்கன்னுதான் அர்த்தம், புதுசா போட வந்ததை விட்டுடுங்க.

ஆட்டோகேட்டோட விலை கம்மியான எல்டி வெர்ஷன் வச்சிருக்கவங்களால புதுசா கன்ஸ்ட்ரெயின்ட் போட முடியாது. அவங்க காசு செலவில்லாம ஃப்ரீகேட் ஸ்கெட்சர்ல பழகிப் பாக்கலாம், அதுல இன்னும் எத்தனை டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (கட்டுப்படாம இன்னும் நகரக்கூடிய வழி) பாக்கின்னு எண்ணியே காட்டும், எல்லாம் கட்டுப்பட்டதும் கோடு பச்சையாயிடும். ஆட்டோகேட்ல சாதாரண டிராயிங்ல அந்த எண்ணிக்கை வராது, அதனால லேசர் கட்டிங்குக்கு டிஎக்ஸ்எஃப் ஃபைல் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து நாலு மூலையையும் இழுத்துப் பாருங்க, எது தனியா கழண்டு வருதோ அங்க இன்னும் ஒண்ணு போடணும்.