சிக்னலிங் – அழைப்புக் குறிகை

'சிக்னல் இல்லை' என்று செல்போனோடு மாடிக்கு ஏறுகிறோமே, அந்தச் சிக்னல் அலையின் வலிமை. சிக்னலிங் என்பது வேறு. மணி அடிக்க, எடுத்ததும் இணைக்க, வைத்ததும் துண்டிக்கக் கருவிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திகளுக்கு அந்தப் பெயர். நாம் பேசும் குரல் இதில் சேராது.

டெல்டாக்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கல்லணையில் வெண்ணாற்றுக்கு எவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு எவ்வளவு என்று முதலில் உத்தரவு வரும். லஸ்கர் (மதகைப் பார்த்துக்கொள்பவர்) ஷட்டரை ஏற்றுவார். அப்புறம்தான் தண்ணீர். உத்தரவு வரும் வழி வேறு, தண்ணீர் ஓடும் வழி வேறு.

லத்தீனில் 'சிக்னும்' என்றால் அடையாளம், குறி. அதிலிருந்து வந்ததுதான் சிக்னல். தமிழில் சமிக்ஞை என்ற வடசொல்லும் உண்டு, ஆனால் அது சாலை விளக்கோடும் கைச்சாடையோடும் ஒட்டிப்போய்விட்டது. என் ஓட்டு குறிகைக்கே. 'குறி' என்ற வேர் லத்தீன் பொருளை அப்படியே தாங்குகிறது. குறிகை வழி, குறிகை நெறிமுறை என்று அடுத்த சொல்லோடு சிக்கலின்றிச் சேரவும் செய்கிறது.

கும்பகோணத்தில் ஒரு லாட்ஜை எடுத்துக்கொள்வோம். அறைகளில் பழைய போன்கள், ரிசப்ஷனில் ஒரு ரவுட்டர். அந்த ரவுட்டரில் குரலுக்கான கார்டு செருகினால் அது வாய்ஸ் கேட்வே, அதாவது குரல் நுழைவாயில். அறை போன்கள் எஃப்.எக்ஸ்.எஸ். போர்ட்டில் சேரும், டயல் டோனும் மணியடிக்கும் மின்சாரமும் அங்கிருந்து போகும். தெருவிலிருந்து வரும் லேண்ட்லைன் ஒயர் எஃப்.எக்ஸ்.ஓ. போர்ட்டுக்கு.

ரிசப்ஷனில் இருப்பவர் அழைப்பை அறைக்கு மாற்ற 'ஃப்ளாஷ்' பொத்தானை அழுத்துகிறார். லைன் ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் அறுந்து ஒட்டுகிறது. போனை வைத்துவிட்டார் என்று நினைக்காமல், மாற்றச் சொல்கிறார் என்று நுழைவாயில் புரிந்துகொண்டு புது டயல் டோன் தருகிறது. அழைப்பு இணையவழி வந்திருந்தால், அந்தச் சின்ன அறுப்பையே 'ரெஃபர்' என்ற செய்தியாக மாற்றி அனுப்பவும் அதனால் முடியும். ஒயரின் பேச்சை நெட்வொர்க்கின் பேச்சாக்குவதுதான் நுழைவாயிலின் உண்மையான வேலை.

அந்த நெட்வொர்க் பேச்சுக்கு நெறிமுறைகள், அதாவது புரோட்டோகால்கள், பல. எச்.323, 1996இல் வந்தது. எம்.ஜி.சி.பி. என்ற இன்னொன்றில் நுழைவாயிலுக்குச் சொந்த முடிவு கிடையாது; மேலே இருக்கும் கட்டுப்பாட்டுச் சர்வர் சொன்னபடி நடக்கும். இன்று எங்கும் பரவியிருப்பது 1999இல் வெளியாகி 2002இல் திருத்தப்பட்ட 'சிப்' (எஸ்.ஐ.பி.) நெறிமுறை. இதன் செய்திகளைக் கண்ணால் படிக்கலாம்: 'இன்வைட்' என்றால் அழைப்பு, '180 ரிங்கிங்' என்றால் மணி அடிக்கிறது, '486' என்றால் லைன் பிஸி, 'பை' என்றால் முடிந்தது.

மணி அடிக்கிறது, எடுத்தால் சத்தமே இல்லை என்று புகார் வந்தால், குறிகை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது, குரல்தான் மாட்டிக்கொண்டது என்று பொருள். சிப் செய்திகள் போகும் 5060ஆம் போர்ட்டை (இது ஒயர் செருகும் போர்ட் அல்ல, நெட்வொர்க்கில் செய்தி போய்ச் சேரும் வாசல் எண்) நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். குரல் போகும் யு.டி.பி. போர்ட்டுகளை ஃபயர்வால் (நெட்வொர்க்கின் காவல் தடுப்பு) மறிக்கிறதா, வெளியே போகும் செய்திக்குள் லாட்ஜின் உள் ஐ.பி. முகவரி ஒட்டிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள்.