பிளான்டேஷன்: தோட்டமா, குடியேற்றமா?

அமெரிக்காவில் பாஸ்டனுக்குத் தெற்கே பிளைமவுத் என்ற ஊரில், 1627இல் அங்கிருந்த ஆங்கிலேயர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று வீடு கட்டியே காட்டும் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 2020 வரை அதன் பெயர் பிளிமத் பிளான்டேஷன் (பிளிமத் என்பது பிளைமவுத்தின் பழைய எழுத்து). பெயரைக் கேட்டதும் நமக்கு வால்பாறையும் தேயிலைச் செடியும்தான் ஞாபகம் வரும். போய்ப் பார்த்தால் அங்கே இருப்பது புல் வேய்ந்த மரவீடுகள், அடுப்புப் புகை, கோழிகள், வீட்டுக்கு வீடு ஒரு கீரைப்பாத்தி, அவ்வளவுதான்.

தப்பு பெயரில் இல்லை, சொல்லின் வயதில் இருக்கிறது. லத்தீனில் 'பிளான்டாரே' என்றால் நடுதல். 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் செடியை நடுவதுபோலவே ஆட்களையும் 'நட்டார்கள்'. அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் ஸ்காட்லாந்துக்காரர்களையும் இங்கிலாந்துக்காரர்களையும் கொண்டுபோய் அமர்த்தியதற்கும் பிளான்டேஷன் என்றுதான் பெயர். ஆங்கிலத் தத்துவவாதி பிரான்சிஸ் பேக்கன் 1625இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். ஏற்கெனவே இருப்பவர்களைப் பிடுங்கிவிட்டு நட்டால் அது நடவே இல்லை, வேரறுப்பு என்பது அவர் கருத்து.

பிளைமவுத்துக்கு இது சுருக்கென்று பொருந்தும். 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் வந்த 102 பேரில் ஏறத்தாழ பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனார்கள், மிஞ்சியவர்கள் ஊன்றிய இடம் பட்டக்செட் என்ற, வாம்பனோக் பூர்வகுடி மக்களின் ஊர், அதுவும் 1616க்கும் 1619க்கும் இடையே வந்த கொள்ளைநோயில் ஆளில்லாமல் போன ஊர். அருங்காட்சியகம் 2020இல் 'பிளான்டேஷன்' என்பதை எடுத்துவிட்டு பிளிமத் பட்டக்செட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அங்கே ஆங்கிலேயர் கிராமத்தில் இருப்பவர்கள் 1627ஆம் ஆண்டு ஆட்களாகவே நடித்துப் பேசுவார்கள். பூர்வகுடிகளின் பகுதியில் நடிப்பு கிடையாது, இன்றைய மனிதர்களாகவே பேசுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்த ஏற்பாடு.

அதே 2020இல் ரோட் ஐலண்ட் மாநில மக்களும் தங்கள் மாநிலப் பெயரின் வாலில் இருந்த 'பிராவிடன்ஸ் பிளான்டேஷன்ஸ்' என்பதை வாக்களித்து நீக்கினார்கள். அங்கேயும் பழைய பொருள் குடியேற்றம்தான். ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் ஊர் நினைவுக்கு வராது, அடிமைகள்தான் நினைவுக்கு வருவார்கள். வர்ஜீனியாவில் புகையிலையும் தெற்கே பருத்தியும் பெருகப் பெருக, பிளான்டேஷன் என்றாலே அடிமைகளை வைத்து நடத்தும் பெருநிலம் என்று ஆகிப்போனது.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? ஒரே சொல்லால் முடியாது. பிளைமவுத், பிராவிடன்ஸ் என்றால் 'குடியேற்றம்'. 'காலனி' என்று எழுதலாமே என்பார்கள். நம்மூரில் அது வேறு சுமை ஏறிய சொல், 2025இல் தமிழ்நாடு அரசே அதை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கும் பழைய மாளிகைகளும் நிலங்களும் என்றால் நான் 'பண்ணை' என்றே எழுதுவேன், ஏனென்றால் பண்ணையார், பண்ணையாள் என்ற இரண்டு பேரும் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே நிற்கிறார்கள். 'தோட்டம்' வால்பாறைக்கும் நுவரெலியாவுக்கும் இருக்கட்டும்.