ஊற்றை விட்டுத் தள்ளித்தான் தோண்டினோம் என்பவர்களுக்கு

ஏற்காட்டுப் பக்கம் இன்னொரு ஊற்று நின்றுபோய்விட்டது. வழக்கம்போல எல்லாம் முடிந்த பிறகுதான், நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் எனக்குப் போன் வருகிறது. காட்டேஜ் கட்ட ஜேசிபி விட்டுச் சரிவை வெட்டியாயிற்று, போர்வெல்லும் போட்டாயிற்று, கீழே ஊர்க்காரர்கள் காலிக் குடத்தோடு நிற்கிறார்கள், "மீட்டர் வைத்துப் பார்த்து ஊற்றைத் திரும்ப வரவையுங்க சார்" என்றால் என்ன செய்வது?

"நாங்க ஊற்றைத் தொடவே இல்லையே, நூறு அடி தள்ளித்தானே வெட்டினோம்." காட்டேஜ் கட்டுகிறவர்களின் இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஊற்றுக்கண் தண்ணீர் வெளியே வரும் வாசல், அவ்வளவுதான். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை, அந்தக் கெட்டிக் கல்லுக்குள் தண்ணீர் நிற்க இடமே கிடையாது. மேல் மண்ணிலும், அதற்கடியில் உக்கிப்போன பாறையிலும், கல்லில் ஓடும் வெடிப்புகளிலும்தான் மழைநீர் தங்கி, சரிவில் மெல்ல இறங்கி வருகிறது. வாசலைத் தொடாமல் வரும் வழியை அறுத்துவிட்டு, தொடவே இல்லை என்றால் எப்படி? வெட்டின இடத்தில் போய்ப் பாருங்கள், செம்மண் முடிந்து பாறை தொடங்கும் கோடு நெடுக ஈரம் கசிந்து ரோட்டோர வாய்க்காலில் ஓடும். கீழ் ஊருக்குப் போக வேண்டிய தண்ணீர் அது. எத்தனை அடி தள்ளி என்பதைவிட, ஊற்றுக்கு மேற்புறமா, அதே வெடிப்பின் மேலா என்பதுதான் கேள்வி.

அதைச் சொல்லத்தான் மின்தடை ஆய்வு, அதாவது தரைக்குள் மின்சாரம் விட்டு, அடியில் இருக்கும் மண்ணும் பாறையும் அதை எவ்வளவு தடுக்கின்றன என்று அளப்பது. போர்வெல் போட இடம் பார்க்க மட்டும்தான் எங்களைக் கூப்பிட வேண்டும் என்றில்லை. ஊற்றுக்கு மேலே சரிவின் குறுக்கே சில வரிசைகளில் மின்சாரம் விடும் கம்பிகளைத் தரையில் அடித்து, நிலத்தடியின் குறுக்குவெட்டை 2டி படமாக எடுத்தால், உக்கிய பாறை எங்கே ஆழமாக இருக்கிறது, வெடிப்பு எந்தப் பக்கம் போகிறது என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். கெட்டிப் பாறையின் மின்தடை ஆயிரம் ஓம்-மீட்டரைத் (மின்தடையை அளக்கும் அலகு) தாண்டும், நீர் கோத்த பாறை அதைவிட மிகக் குறைவாகக் காட்டும். களிமண்ணும் குறைவாகத்தான் காட்டும், அதனால் படத்தை மட்டும் பார்த்து அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள், பக்கத்துக் கிணற்றையும் வெட்டுமுகத்தையும் ஒத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். (காய்ந்த மண்ணில் மின்சாரம் சரியாக இறங்காது, அதனால் சித்திரை வெயிலில் கம்பியடியில் உப்புத்தண்ணீர் ஊற்றாமல் எடுத்த அளவை நான் கையில்கூட வாங்குவதில்லை.)

கட்டடத்துக்கு வரைபடம் போடும் முன்பே ஆய்வை வையுங்கள், அஸ்திவாரம் தோண்டிய பிறகு வேண்டாம். நீர் வரும் பட்டையில் போர்வெல், பாறைக்கு வெடி வைப்பது, செப்டிக் டேங்க் மூன்றும் கூடவே கூடாது. செப்டிக் கசிவு வெடிப்புக்குள் இறங்கினால் மண் வடிகட்டிவிடும் என்ற பேச்சுக்கே இடமில்லை, கீழே குழந்தைகள் குடிக்கிறார்கள்.

ஊர்க்காரர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மேலே நிலம் கைமாறியது என்று தெரிந்த வாரமே தொடங்குங்கள். பத்து லிட்டர் வாளி ஊற்றில் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று வாரம் ஒருமுறை பார்த்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள், கோடையில் கட்டாயம் விடாதீர்கள். நாளைக்கு "முன்னாடியே தண்ணீர் கம்மிதான்" என்று யாராவது சொன்னால், அந்த நோட்டைத்தான் மேசையில் வைக்க முடியும்.