வீட்டு நோயா, ஊரேக்கமா?

கொழும்பு காலிமுகத்திடல் பக்கம் அண்மையில் ஓர் ஒளிக்கலைக் காட்சி. மெல்லிய விளக்குக் குழாய்களை வளைத்து ஒரு துலாக்கிணறு செய்திருந்தார்கள். துலாவின் நுனி கடலைப் பார்த்தபடி நின்றது. கிட்டப் போகப் போக வெளிச்சம் மங்கும், விலகினால் கூடும். தூரத்து ஊரை நினைத்து ஏங்குகிற மனமும் அப்படித்தானே. பலகையில் மூன்று மொழியிலும் தலைப்பு. ஆங்கிலத்தில் ஹோம்சிக்னஸ், தமிழில் 'வீட்டு நோய்'. பக்கத்தில் நின்ற முதியவர் அதை வாசித்துவிட்டு, "ஆருக்கு வருத்தமாம்?" என்று மகளிடம் கேட்டார்.

இந்தத் தவறை எத்தனை தடவைதான் பார்ப்பது?

சொல்லின் கதை சுருக்கமானது. ஊரைப் பிரிந்த இதே துயரத்தைச் சுவிஸ் மக்கள் ஹைம்வே என்று சொல்லிவந்தார்கள். அதற்கு ஜொஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் 1688இல் நொஸ்டால்ஜியா என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் நொஸ்டோஸ் என்றால் ஊர் திரும்புதல், அல்கோஸ் என்றால் நோவு. பேர்னிலிருந்து பாசலுக்குப் படிக்கப் போய் படுத்த படுக்கையான ஒருவன், ஊர் திரும்பும் வழியிலேயே தேறினான் என்று அவர் எழுதினார்.

மருத்துவர் வைத்த பெயர்தானே, 'நோய்' என்றால் என்ன பிழை என்பார்கள். சரி, குறளின் காமத்துப்பாலிலும் பிரிவுத் துயர் நோய்தான். ஆனால் இன்றைக்கு நோய் என்றால் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். அதைக்கூட விட்டுவிடலாம், 'வீடு' என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் 3 வாடகை வீடு மாறிவிட்டோம். மூன்றும் வீடுதான். வீடு நம்மோடு கூடவே வரும், ஊர் வராது. அங்கே 20 வருஷம் இருந்தவரிடம் "எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள், புங்குடுதீவு, சுன்னாகம், வல்வெட்டித்துறை என்றுதான் பதில் வரும். பிரிந்து வந்து ஏங்குவது அதற்காகத்தான்.

'தாயக ஏக்கம்' என்று எழுதுவோரும் உண்டு. அது பெரிய சொல். ஒரு மக்கள் கூட்டத்தின் நிலத்தைச் சொல்லும். கிணற்றடியையும் வேலியையும் நினைக்கிற தனிமனிதனுக்கு அது பொருந்தாது. 'கடந்தகால ஏக்கம்' காலத்தைச் சொல்கிறது, இடத்தை விட்டுவிடுகிறது. ஊரேக்கம் என்பதே சரி. பேச்சில் ஊர் நினைப்பு.

அதே பலகையில் லைட் இன்ஸ்டலேஷன் என்பதற்கு 'ஒளி நிறுவல்' என்றும் இருந்தது. ஏசி பூட்டுவதும் நிறுவல்தான்! வெசாக் காலத்தில் பெய்ரா வாவியோரம் தொங்கும் விளக்குகளை வெசாக் கூடு என்று எல்லோரும் சொல்கிறோம், எல்லோருக்கும் விளங்குகிறது. ஆங்கிலத்தை முன்னால் வைத்துக்கொண்டு அகராதியில் சொல்லுக்குச் சொல் தேடுகிறவர்கள், அதை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பதில்லை. தமிழ் அரசகரும மொழியாக இருக்கிற நாட்டில் தமிழ் வரி கடைசியில் ஒட்டுகிற வரியாகிவிட்டது.

காட்சி இன்னும் கொஞ்ச நாள் இருக்குமாம். அதற்குள் பலகையை மாற்றுங்கள். ஊரேக்கம், 5 எழுத்துத்தான்.