ஸ்டிக்கரைப் பார்த்து ரேம் வாங்காதீர்கள்

"சாம்சங்னு ஸ்டிக்கர்லயே போட்டிருக்கே அண்ணாச்சி, அப்புறம் எப்படி ஓடாமப் போகும்?"

கேட்டவர் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் மனு டைப் செய்து கொடுப்பவர். கையில் ஆன்லைனில் பாதி விலைக்கு வாங்கிய 8 ஜிபி டிடிஆர்3 (ரேமில் ஒரு பழைய தலைமுறை) ரேம். அவருடைய பழைய இன்டெல் கம்ப்யூட்டரில் அதைச் சொருகினால் திரையே வருவதில்லை. இதே ரேம், இதே கேள்வி, இந்த மாதம் வந்தவர்களில் இவர் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளாக இருக்கப்போவதும் இல்லை. அதனால்தான் எங்கள் கம்ப்யூட்டர் கடையில் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரேம் என்பது ஒரு பலகையில் மெமரி சிப்புகளை ஒட்டியது. அந்தச் சிப்பைப் பார்த்தேன். அது சாம்சங்தான், அதில் பொய் இல்லை. சிப்பின் மேல் கே4பி4ஜி04 என்று எண் ஆரம்பித்தது. சாதாரண டெஸ்க்டாப் ரேமாக இருந்தால் அந்த இடத்தில் கே4பி4ஜி08 இருந்திருக்கும். 04 என்பது 4 பிட் அகல சிப் (ஒரு தடவைக்கு 4 பிட் தகவல் அனுப்புவது), 08 என்பது 8 பிட். சர்வர் ரேம்களில் போடுகிற 4 பிட் சிப்புகளை யாரோ சாதாரண பலகையில் ஒட்டி விற்கிறார்கள். இன்டெலுக்குப் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் ப்ராசஸர் போடும் போர்டில் ஓடும், இன்டெல் டெஸ்க்டாப்பில் ஓடாது. விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. ஆக, சிப் செய்த கம்பெனி பெயர் தெரிந்தும் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பலகையில் ஒட்டியவன் யார் என்பதுதான் அங்கே கேள்வி. அவன் பெயர் எங்குமே இல்லை.

இதற்கு நேர் எதிரான குழப்பம்தான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது. "கிங்ஸ்டன்னு சொல்லிக் கொடுத்தீங்க, உள்ளே ஹைனிக்ஸ்னு இருக்கு, டூப்ளிகேட்தானே?" இல்லை. இல்லவே இல்லை. மெமரி சிப் செய்கிற ஆலைகள் உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் பெரும்பங்கு. அப்புறம் நான்யா, சீனாவின் சிஎக்ஸ்எம்டி என்று சில. கிங்ஸ்டன், கோர்சேர், டிரான்சென்ட் போன்றவர்கள் இந்தச் சிப்பை வாங்கிப் பலகையில் பதித்து, சோதித்து, தங்கள் பெயரில் உத்தரவாதத்தோடு விற்பவர்கள். விக்கிரமசிங்கபுரத்து மில் நூலில் நெய்த துணியில் சட்டை தைத்தால் காலரில் தைத்த கடையின் பெயர்தான் இருக்கும், அதற்காக நூலைத் திருட்டு நூல் என்போமா? ஆகவே கிங்ஸ்டன் ஸ்டிக்கருக்குக் கீழே ஹைனிக்ஸ் சிப் இருப்பது ஒழுங்கான சங்கதி. இன்னொன்றும் உண்டு: அதே கிங்ஸ்டன் மாடலில் இந்த வருடம் ஹைனிக்ஸ், அடுத்த வருடம் மைக்ரான் சிப் வரலாம். ஸ்டிக்கரை மட்டும் ஒத்துப் பார்த்து இரண்டு ரேமை ஜோடி சேர்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெயர் மாற்றமும் ஆளைக் குழப்பும். ஹூண்டாய் எலக்ட்ரானிக்ஸ் 2001-இல் ஹைனிக்ஸ் ஆனது, 2012-இல் எஸ்கே குழுமத்துக்குப் போய் எஸ்கே ஹைனிக்ஸ் ஆனது. மூன்று பெயரும் ஒரே பரம்பரை. பழைய டிடிஆர்3-களில் எல்பிடா என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது ஜப்பான் கம்பெனி, 2013-இல் மைக்ரான் வாங்கிவிட்டது. 'மேட் இன் சைனா' என்று இருப்பதாலும் அது போலி ஆகிவிடாது. சாம்சங்குக்கு சூஜோவிலும் எஸ்கே ஹைனிக்ஸுக்கு ஊஷியிலும் ஆலை இருக்கிறது.

ஸ்டிக்கரே இல்லாத ரேம் வந்தால் என்ன செய்வது? 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீரில் நின்ற மெஷின்களிலிருந்து அப்படி நிறைய பார்த்தோம். பலர் பச்சைப் பலகையில் அச்சிட்டிருக்கும் 94வி-0 என்பதை இணையத்தில் தேடிவிட்டு, அதுதான் கம்பெனி என்று வந்து நின்றார்கள். அது பலகை தீப்பற்றினாலும் சீக்கிரம் தானே அணைந்துவிடும் என்பதற்கான தரக் குறியீடு, அவ்வளவுதான். அதன் பக்கத்தில் 'இ' போட்டு ஆறு இலக்கம் இருந்தால் அது பலகை அடித்தவருடைய பதிவு எண். ரேம் செய்தவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சிப்பைப் படியுங்கள். கே4 என்றால் சாம்சங், எச்5 என்றால் ஹைனிக்ஸ். டி9 (D9) என்று ஆரம்பிக்கும் ஐந்தெழுத்துக் குறியீடு மட்டும் இருந்தால் மைக்ரான், அதை விரித்துச் சொல்லும் பக்கம் அவர்கள் இணையதளத்திலேயே உண்டு. ஸ்டிக்கர் இருந்தால் ரேமின் எண்ணையும் பாருங்கள். எம்471 சாம்சங் லேப்டாப் ரேம், எம்378 டெஸ்க்டாப், எம்393 சர்வர். எச்எம்டி (HMT), எச்எம்ஏ (HMA) ஹைனிக்ஸ்.

அடுத்து, ரேமின் விவரங்களைச் சேமித்து வைக்கும் எஸ்பிடி என்ற குட்டிச் சிப் ஒன்று ரேமிலேயே உண்டு. சிபியூ-இசட் மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தைத் திறந்தால் ரேம் செய்தவர் பெயரும் பல நேரம் சிப் செய்தவர் பெயரும் தனித்தனியாக வரும். சில மென்பொருள்கள் பெயருக்குப் பதில் குறியீட்டை மட்டும் காட்டும்: 80சிஇ சாம்சங், 80ஏடி ஹைனிக்ஸ், 802சி மைக்ரான். அந்தக் குறியீட்டை வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் அடித்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள், என்ன சொல்ல! பெயர் இடம் காலியாக இருப்பதாலேயே போலி என்று முடிவு கட்டாதீர்கள். ஆனால் எஸ்பிடியைத் திருத்தி எழுதவும் முடியும் என்பதால் ஸ்டிக்கர், சிப், எஸ்பிடி மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கிங்ஸ்டன் ஸ்டிக்கரும் ஹைனிக்ஸ் சிப்பும் சேர்ந்திருப்பது பொருந்தாமை இல்லை, முன்பே சொன்னேன். மற்றபடி பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள்.

2025 கடைசியிலிருந்து ஏஐ தரவு மையங்களின் தேவையால் ரேம் விலை ஏறிக்கிடக்கிறது. அந்த விலையில் பாதிக்குப் புதிது தருகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள். பழையது வாங்கினால் இரண்டு பக்கமும் தெளிவாகப் போட்டோ கேளுங்கள். சொருகும் பின்களின் (pin) வரிசையில் பச்சை படிந்திருந்தால் வேண்டாம். வாங்கிய அன்றே மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதிக்கும் மென்பொருளை ஒரு முழுச்சுற்று ஓட விடுங்கள், ராத்திரி முழுக்க ஓடினாலும் பரவாயில்லை. சிப்பைப் பார்க்கிறேன் என்று ஸ்டிக்கரை உரிக்கவே உரிக்காதீர்கள், உத்தரவாதம் அதோடு போச்சு. ஸ்டிக்கர் மறைக்காத சிப் ஒன்றாவது பெரும்பாலும் இருக்கும்.

பிள்ளைக்கு அரசு கொடுத்த லேப்டாப்பில் ரேம் கூட்ட வேண்டும் என்று திசையன்விளையிலிருந்தும் களக்காட்டிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு ரேம் போட்டோவை மட்டும் கொண்டு வராதீர்கள் தாயே. பழைய வருடத்தது டிடிஆர்3, பிந்தையது டிடிஆர்4. ஒன்றில் 204 பின், மற்றதில் 260, மாற்றிச் சொருக முடியாது. டிடிஆர்3-க்குள்ளேயே 1.35 வோல்ட்டில் ஓடும் பிசி3எல் வகையை மட்டும் ஏற்கும் லேப்டாப்களும் உண்டு. லேப்டாப்பையும் சார்ஜரையும் கையோடு எடுத்து வந்தால் பத்து நிமிஷ வேலை, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம்.