தெளிகனவு

லூசிட் ட்ரீம் என்பதைப் பலர் ‘தெளிவான கனவு’ என்று எழுதிவிடுகிறார்கள். காட்சி பளிச்சென்று தெரிந்த கனவு என்றுதான் வாசிப்பவர் விளங்கிக்கொள்வார். கனவு ஓடிக்கொண்டிருக்கையிலேயே ‘நான் நித்திரையில் கிடக்கிறேன், இது கனவு’ என்று காண்பவருக்குப் பிடிபடுவதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. காட்சி மங்கலாகவும் இருக்கலாம்.

லூசிட், ஒளியைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. மனநோயாளிக்கு இடையிடையே புத்தி தெளியும் நேரத்தையும் ஆங்கில மருத்துவம் இதே சொல்லால் குறித்தது. டச்சு மனநல மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரெடெரிக் வான் ஈடன் 1913இல் தன் கனவுகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை வழியே லூசிட் ட்ரீம் பரவியது. இப்படியும் ஒரு கனவா என்ற சந்தேகம் அதற்குப் பிறகும் தீரவில்லை. 1975இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் உளவியலாளர் கீத் ஹேர்ன் அதைச் சோதித்தார். கனவு மிகும் றெம் நித்திரையில் கைகால் தசைகள் செயலற்றுக் கிடக்கும். கண்கள் மட்டும் அசையும். முன்பே பேசிக்கொண்டபடி, கனவு காண்பவர் உள்ளிருந்தே கண்ணை இடமும் வலமும் அசைத்துச் சமிக்ஞை கொடுத்தார். கருவி அதைப் பதிந்தது.

தமிழில் ‘தெளி’ என்ற வினை இதற்கென்றே காத்திருந்ததுபோல இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மயக்கம் தெளியும், வெறி தெளியும், பேய் பிடித்தவருக்கும் தெளியும். ஆகவே தெளிகனவு, ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. ‘கனவில் நனவு’ என்று பெயர் வைத்தாலும் காதுக்கு இனிமைதான். ஆனால் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று உயிரின் ஐந்து அவத்தைகளை, அதாவது நிலைகளை, சைவ சித்தாந்தம் வகுத்திருக்கிறது. அந்தச் சொற்களைத் தொட்டால் நம் ஊரில் பேச்சு தத்துவத்துக்குப் போய்விடும்.

தெளிகனவுக்கு நல்ல வாசல் தீக்கனவு. ஆங்கில நைட்மேரின் பின்பாதி பெண்குதிரை அல்ல. நித்திரையில் நெஞ்சில் ஏறி இருக்கும் பழைய ஆவி. நம்முடைய அமுக்குப் பேய்க்கு ஒன்றுவிட்ட சகோதரி. சாதாரணக் கனவில் எந்தக் கூத்தையும் நம்பிவிடுகிறோம். பயம் உச்சத்துக்கு ஏறும்போதுதான் ‘இது மெய்யா?’ என்ற கேள்வி எழுகிறது. தீக்கனவு பெரும்பாலும் விடியப்புறத்து றெம் நித்திரையில் வரும், தெளிகனவும் அப்படியே. ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருமானால் இன்னும் வசதி, அதுவே அடையாளம். ‘பூட்டிய படலையும் துரத்தும் நாயும் வந்தால் அது கனவு’ என்று படுக்கும்போது மனதில் ஊன்றிக்கொள்ளலாம். கனவில் எழுத்தை இருமுறை வாசித்தால் பெரும்பாலும் மாறியிருக்கும். அதுவும் ஒரு சோதனை. தெளிந்தபின் ஓடாமல் நின்று திரும்பிப் பார்ப்பதுதான் அடுத்த வேலை. நாய் மறையலாம், மறையாமலும் விடலாம். பயம் குறைவதுதான் பலருக்குக் கிடைக்கும் பலன்.

செல்லடி, பங்கர், 1995 இடப்பெயர்வு என்று இன்னும் நித்திரையில் பிசத்துபவர்கள் இதைத் தனியே பழகவேண்டாம். கனவின் முடிவைப் பகலில் மாற்றி எழுதி மனதுக்குள் ஒத்திகை பார்க்கும் சிகிச்சை ஒன்று உண்டு. அதை மனநல மருத்துவரோடு சேர்ந்து செய்வதே நல்லது. அலாரம் வைத்துச் சாமத்தில் எழும்பிப் பழகும் முறையும் தெளிகனவுக்கு உண்டு. ஏற்கெனவே நித்திரை கெட்டவர்களுக்கு அது ஆகாது.